ஐப்பசி மழைக்கு முன் மீன் தீவனத்தில் என்ன கலக்கலாம்?

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். கெண்டை மீன் வளர்ப்போர் அதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே, அதாவது புரட்டாசியிலேயே, தீவனத்தில் சத்துக்கலவை சேர்க்க ஆரம்பித்துவிட வேண்டும். மீனுக்கு எதிர்ப்பாற்றல் ஒரே நாளில் ஏறாது. உடம்பில் புண் வந்தபின் வாங்கும் டானிக்கால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

மழை நீடித்தால் குளத்து நீர் குளிர்ந்து, காரத்தன்மை குறையும். மார்கழி வரை மீன்கள் சோர்ந்திருக்கும். அல்சர் எனப்படும் புண் நோயை உண்டாக்கும் அபனோமைசிஸ் இன்வேடன்ஸ் என்ற பூஞ்சை போன்ற கிருமிக்கு இந்தக் குளிர்தான் தோது. தோலில் சிறு காயம் கிடைத்தாலும் அதன் வழியே உள்ளே நுழைந்துவிடும். விராலும் மிருகாலும் இதற்கு எளிதில் இரையாகும். திலேப்பியா பெரும்பாலும் தப்பிவிடும்.

கடையில் இருக்கும் பாக்கெட்டையெல்லாம் வாங்க வேண்டியதில்லை. பணம் குறைவென்றால் முதலில் வைட்டமின் சி வாங்குங்கள். கெண்டை மீனின் உடல் இதைத் தானாகத் தயாரித்துக்கொள்வதில்லை. குறைந்தால் காயம் ஆற நாளாகும், முதுகெலும்பும் வளையும். சாதாரண அஸ்கார்பிக் அமிலம் தண்ணீரில் கரைந்து வீணாகும். பூச்சு ஏற்றியது அல்லது பாஸ்பேட் வடிவில் உள்ளது என்று கேட்டு வாங்குங்கள். கிலோ தீவனத்துக்கு 1 கிராம் போதும். சராசரி 400 கிராம் எடையில் 1,500 மீன் இருந்தால் மொத்தம் 600 கிலோ. அதில் 2 சதவீதம் என்றால் நாளுக்கு 12 கிலோ தீவனம், 12 கிராம் வைட்டமின்.

அடுத்தது புரோபயாடிக். குடலுக்கானது வேறு, குளத்து நீரில் தெளிப்பது வேறு. இரண்டும் ஒரே அலமாரியில்தான் இருக்கும், லேபிளைப் படித்து எடுங்கள். பேசில்லஸ் அல்லது லாக்டோபேசில்லஸ் வகையை லேபிளில் சொன்ன அளவில் சேர்க்கலாம். பீட்டா குளுக்கன் சேர்ப்பவர்கள் இரண்டு மூன்று வாரம் கொடுத்து இடைவெளி விடுங்கள். தொடர்ந்து கொடுத்தால் பலன் மங்கும். வீட்டுப் பொருள்தான் வேண்டுமென்றால் கிலோவுக்கு 10 கிராம் அரைத்த பூண்டும் 5 கிராம் மஞ்சள்தூளும் சேர்க்கலாம்.

மிதவைத் தீவனம் ஆலையில் கடும் சூட்டில் தயாராவது. அதனால் இவற்றை மேலே பூசத்தான் வேண்டும். ஆறிய நீர்த்த அரிசிக் கஞ்சியிலோ கடை பைண்டரிலோ பொடியைக் கரைத்து, நிழலில் பரப்பிய தீவனத்தின் மேல் தெளித்துப் புரட்டுங்கள். அரை மணி நேரம் உலரவிட்டு, கிலோவுக்கு 10 மில்லி மீன் எண்ணெய் தடவி அன்றே போட்டுவிடுங்கள். வெயிலில் காயவைக்காதீர்கள். மஞ்சள் சேர்த்திருந்தால் ஒரு பிடியை டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். உடனே தண்ணீர் மஞ்சளானால் பூச்சு ஒட்டவில்லை.

கடலைப் பிண்ணாக்கும் தவிடும் பையில் கட்டித் தொங்கவிடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டிய காலம் இது. ஈரத்தில் பிண்ணாக்கில் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உருவாகும். ஈரலைக் கெடுத்து எதிர்ப்பாற்றலையும் குறைக்கும். காயவைத்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பூசண வாடை அடித்தால் மூட்டையை ஒதுக்கிவிடுங்கள், வைட்டமின் சேர்த்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் கட்டை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள்.

மப்பான நாளில் தீவனத்தைப் பாதியாக்குங்கள். அடைமழையன்று போடவே வேண்டாம். மற்ற நாட்களில் விடிந்தவுடன் போடாமல், ஆக்சிஜன் ஏறியபின் காலை ஒன்பது மணிக்கு மேல் போடுங்கள். பிஎச் 7-க்குக் கீழே இறங்கினால் ஏக்கருக்கு 80 கிலோ வரை விவசாயச் சுண்ணாம்பைத் தவணையாக இடுங்கள். நீர் வரும் மடையில் நெருக்கமான வலை கட்டுங்கள். ஆற்று விராலும் கெளுத்தியும் நோயைக் கூட்டிக்கொண்டு வரும்.

இத்தனைக்குப் பிறகும் செம்புள்ளி தெரிந்தால், தீவனத்தில் மருந்து கலப்பதை நம்பாதீர்கள். நோயுற்ற மீன் தின்னாது. குளோராம்பெனிகால், நைட்ரோஃபுரான் போன்றவை மீன் வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை, யார் சொன்னாலும் தொடாதீர்கள். உயிரோடிருக்கும் நோயுற்ற மீன் இரண்டு மூன்றைக் குளத்து நீரோடு பையில் பிடித்து, அருகிலுள்ள மீன்வளத்துறை அலுவலகத்துக்கோ மீன்வளப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கோ அன்றே கொண்டுபோங்கள். செத்து மிதந்த மீனை வைத்துச் சரியாகக் கண்டுபிடிப்பது கடினம்.