பழைய மடிக்கணினிக்குப் புதிய வைஃபை அட்டை

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்திலோ, வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ பயிலும் மாணவரின் பழைய மடிக்கணினி 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையைக் காணாது 2.4இலேயே நின்றுவிடுமாயின், குறை பெரும்பாலும் வானலையைப் பெற்று அனுப்பும் சிறு வைஃபை அட்டையிலேயே உள்ளது. அதை மட்டும் மாற்றினால் போதும்.

பழையவற்றில் மினி பிசிஐஇ, பின்வந்தவற்றில் எம்.2 எனப் பொருத்துவாய் வேறுபடுவதால், இருக்கும் அட்டையைக் கழற்றிப் பார்த்தே புதியதை வாங்குதல் வேண்டும். இதனினும் பெரிய தடை, கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலாகிய பயோஸ்: பழைய லெனோவோ, எச்பி மாதிரிகள் சிலவற்றில் அனுமதிக்கப்பட்ட அட்டைகளின் பட்டியல் அதனுள் பூட்டப்பட்டிருப்பதால், பிற அட்டையைக் கண்டதும் கணினி தொடங்கவே மறுக்கும். மாதிரி இலக்கத்தைக் கொண்டு இதனை முன்னரே உறுதிசெய்தல் மிக அவசியம். வவுனியா நகரில் வாங்கிய அட்டையைத் திருப்பிக் கொடுக்க முல்லைத்தீவிலிருந்து மீண்டும் செல்வது சிறிய அலைச்சலன்று.

புதிய அட்டைக்குரிய டிரைவர் எனும் இயக்க நிரலை முதலிலேயே பென்டிரைவில் சேமித்து, சார்ஜரையும் பற்றரியையும் அகற்றிய பின்னரே மூடியைத் திறந்து, அன்ரனா வயர்களை நேர்மேலாகத் தூக்கிக் கழற்றி, புதியதில் அவ்வவ் இடத்திலேயே அழுத்திப் பொருத்துதல் வேண்டும்.

வீட்டிலுள்ள 4ஜி ரவுட்டர் 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே தருவதாயின், இச்செலவால் பெரும்பயன் விளையாது. அகன்ற வளவின் மறுகோடிக்கு எட்டுவதும் அந்த 2.4 அலையே.