கட்டாயம் என்று எழுதுமுன்

அன்புள்ள தம்பி,

பெண்டாங் மாவட்ட அலுவலகத்தில் பதிவேட்டுப் பொறுப்பு உன் கைக்கு வந்ததையும், அரசுப் பதிவேடுகளுக்கான கட்டாய விதிமுறையை வரையும் குழுவில் உன்னைச் சேர்த்திருப்பதையும் உன் அம்மா சொன்னார். வாழ்த்துகள். ஃபைல் அறைக்கு அனுப்பினால் அதைத் தண்டனையாக நினைப்பவர்கள்தான் நம் அலுவலகங்களில் அதிகம். நீ அப்படி நினைக்கவில்லை என்று கேள்விப்பட்டதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நம் மலேசியாவில் விதிக்குப் பஞ்சமில்லை. 2003-ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் இருக்கிறது. அதன்படி தலைமை இயக்குநரின் எழுத்துபூர்வ அனுமதியின்றி அரசுப் பதிவேடு எதையும் அழிக்கக் கூடாது. அலுவலக நிர்வாகம் பற்றிய 2007-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை, நூறு இணைப்புகள் சேர்ந்தாலோ, நான்கு சென்டிமீட்டர் தடித்தாலோ ஃபைலை மூடிவிட்டு அடுத்த பாகத்தைத் திறக்கச் சொல்கிறது. இவ்வளவு துல்லியமான விதி கையில் இருக்கும்போதும் கயிறு கட்டித் தூக்க வேண்டிய ஃபைல்களை நீ பார்த்திருப்பாய். ஏன்? யாரும் வந்து அளந்து பார்ப்பதில்லை.

நியூசிலாந்தைப் பார். 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே தலைமைக் காப்பாளருக்குக் கட்டாயத் தரநிலை பிறப்பிக்கும் அதிகாரம் கொடுத்தது. அதோடு, ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வோர் அலுவலகத்தையும் வெளியார் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் விதித்தது. 2016-இல் பழைய தரநிலைகளை எடுத்துவிட்டு ஒரே தரநிலையைக் கொண்டுவந்தார்கள். உன் வரைவும் சுருக்கமாக இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இதை யார், எதைப் பார்த்துச் சரிபார்ப்பது என்று ஓரத்தில் எழுது. எழுத முடியாத வரியை அடித்துவிடு.

பதிவேட்டைப் பாதுகாப்பதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நீ உருவாக்குவதைப் பற்றிப் பேசு. உன் வேலையிடத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், அலோர் ஸ்டாரில் உள்ள ஆவணக் காப்பகக் கிளைக்கு ஒரு நாள் போய் வா. 1882 முதல் 1943 வரை கெடாவை ஆண்ட சுல்தான் அப்துல் ஹமீதின் கடிதப் போக்குவரத்து அங்கே இருக்கிறது. 2001-இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அனுப்பிய கடிதங்களுக்கு நகல் எழுதிப் புத்தகமாகவே வைத்திருந்தார்கள். நகல் எடுத்த எழுத்தர் யாரென்று இன்று யாருக்கும் தெரியாது. அவர் எழுதியது இருக்கிறது. இன்றைக்கு ஒரு வடிகால் தகராறில் முடிவு எங்கே எடுக்கப்படுகிறது? வாட்ஸ்அப் குழுவில். அதிகாரி மாற்றலாகிப் போனால் முடிவும் அவர் கைப்பேசியோடு போய்விடுகிறது. வாட்ஸ்அப்பில் எடுத்த முடிவை அடுத்த வேலைநாளுக்குள் ஃபைலில் குறிப்பாக ஏற்ற வேண்டும் என்று ஒரு வரி போடு. குழுவில் முணுமுணுப்பார்கள். விட்டுக்கொடுக்காதே.

இனி தோட்டத்துத் தமிழர்களான நம் கதைக்கு வருகிறேன். அரசியலமைப்புச் சட்டத்தின்படி, 1957 மெர்டேக்கா (விடுதலை) நாள் முதல் 1962 அக்டோபருக்கு முன்புவரை இந்த மண்ணில் பிறந்தவர், பிறந்த காரணத்தாலேயே குடிமகன். பெற்றோரின் நிலை என்ன என்ற கேள்வி அதற்குப் பிந்தைய பிறப்புகளுக்குத்தான். ஆக, 1960-இல் ஒரு கெடா தோட்டத்து லயத்தில் பிறந்த பெண்ணுக்குச் சட்டம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. பிறந்ததற்குக் காகிதம் வேண்டும், அவ்வளவுதான். பிறப்பைப் பதியாமல் விட்ட குடும்பங்கள் உண்டு. பதிந்த இடத்திலும் முனியம்மா என்ற ஒரே பெயர் பிறப்புப் பத்திரத்தில் ஓர் எழுத்துக்கூட்டலிலும், பள்ளிப் பதிவில் இன்னொன்றிலும், அடையாள அட்டையான ஐசியில் வேறொன்றிலும் நிற்கும். அப்பா பெயரும் இதே கதிதான். முகப்பில் இருக்கும் பையன் மூன்றையும் பார்த்துவிட்டு, இவை வெவ்வேறு ஆட்கள் என்று திருப்பி அனுப்பிவிடுவான். குடியுரிமை இல்லாத சிவப்பு ஐசியோடு கிழவியாகிப்போனவர்கள் நம் வட்டாரத்தில் இருக்கிறார்கள்.

அந்தப் பிறப்புக்குச் சாட்சி ஒரு காலத்தில் இருந்தது. காலை ஆள் கணக்கெடுப்பான பெரட்டு முடிந்ததும் தோட்டத்து எழுத்தரான கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஆள் பெயரையும் வந்த நாளையும் ஏற்றுவார். தாய்க்குப் பிரசவ விடுப்பு கொடுத்திருந்தால் அதுவும் தோட்டத்து ஆப்பீஸ் கணக்கில் ஏறியிருக்கும். பிறகு தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீட்டுமனைகள் வந்தன. செக்ரோல் தனியார் சொத்து. அதை நிரந்தரமாகக் காப்பாற்றச் சொல்லி எந்தச் சட்டமும் அன்று தோட்டத்துத் துரையின் கையைப் பிடிக்கவில்லை. அதனால்தான் அரசு அலுவலகத்து ஃபைல் நம் ஆட்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. வரைவில் இரண்டு வரிகளை எப்படியாவது நுழைத்துவிடு. பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் அட்டவணையில் ஒன்றுக்கொன்று இணைத்துக் காட்ட வேண்டும். விண்ணப்பத்தை மறுத்தால் என்ன காரணம், எந்தக் காகிதம் குறைகிறது என்று எழுதி, நகலை ஃபைலில் வைக்க வேண்டும். வாயால் சொல்லி அனுப்பிய மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய ஆதாரமே இருக்காது.

அழிப்பதைப் பற்றியும் கொஞ்சம். 1957-இல் வெள்ளைக்காரன் புறப்பட்டபோது கோலாலம்பூரிலிருந்து ஐந்து லாரி நிறைய அரசுக் காகிதங்கள் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக்குப் போய் எரிந்தன. எரிக்காமல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன காலனி ஃபைல்கள், கென்யா முதியவர்கள் தொடுத்த வழக்கால் 2011-இல் வெளிப்பட்டு, அடுத்த ஆண்டிலிருந்து கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்தில் திறக்கப்பட்டன. ஐந்து லாரியில் என்ன இருந்தது என்று இன்று நாம் ஊகிக்கத்தான் முடியும். ஆகவே அழிப்புப் பட்டியலில் பெட்டி எண்ணை மட்டும் போடவிடாதே. ஃபைல் தலைப்பும் ஆண்டும் அனுமதி எண்ணும் வேண்டும். அந்தப் பட்டியலை ஒருபோதும் அழிக்கக் கூடாது. ஸ்கேன் செய்துவிட்டோமே, மூலத்தைத் தூக்கிப்போடலாம் என்பார்கள். அதற்கும் அதே அனுமதி வேண்டும்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், நீ வயல்வெளி ஊரில் இருக்கிறாய். 2010 நவம்பர் வெள்ளம் கெடாவை என்ன செய்தது என்று பெரியவர்களைக் கேள். தரைத்தளத்தில் பதிவேட்டு அறை கூடாது.

குழுவில் நீதான் வயதில் சின்னவனாக இருப்பாய். பெரிய அதிகாரிகள் பொதுவான வார்த்தைகளை விரும்புவார்கள்: 'உரிய முறையில்', 'இயன்றவரை'. இரண்டையும் வெட்டு. 'இயன்றவரை' என்ற சொல் இருக்கும் விதியைக் கட்டாயம் என்று அழைப்பது ஏமாற்று வேலை.

கடைசியாக ஓர் உதவி. பெண்டாங், பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கத்துப் பழைய கிராணிகளின் பிள்ளைகளை உனக்குத் தெரியும். அப்பாவின் டிரங்குப் பெட்டியில் செக்ரோலோ கணக்குப் புத்தகமோ கிடந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போடாமல் உன்னிடம் காட்டச் சொல். தேசிய ஆவணக் காப்பகம் தனியார் ஆவணங்களையும் வாங்கிக்கொள்ளும்.

அன்புடன்,
அண்ணன்