வெட்டுவதற்கு முன் எடை போடுங்கள்

மலைத்தோட்டக்காரர்களுக்கும் காட்டுப்பாதைப் பிரியர்களுக்கும் பொதுவாக ஒரு கனவு உண்டு. முரட்டு வண்டி ஒன்றை வாங்கி, பின்பக்கத்தை வெட்டி, லோடு பாடி கட்டி, பெரிய டயர் மாட்டி, சாலையே இல்லாத இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். கனவில் குற்றமில்லை. எந்த வண்டியில் இதைச் செய்வது என்று கேட்டதும் டீக்கடை முதல் பட்டறை வரை கிடைக்கும் யோசனைகளில்தான் கோளாறு. அவற்றில் அடிக்கடி காதில் விழும் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்வோம்.

நம்பிக்கை: மலையேறும் ஜீப்பை வெட்டினால் மலையேறும் பிக்கப் கிடைத்துவிடும்.

உண்மை: மூன்று கதவு மகிந்திரா தார் மேடுபள்ளத்தில் சுலபமாக ஏறி இறங்குவதற்குப் பெரிய காரணம் அதன் குள்ள உடம்பு. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,450 மி.மீ. தான். பின்பக்கம் சக்கரத்தைத் தாண்டி நீளும் பகுதியும் குறைவு. அதனால்தான் பாறையிலிருந்து இறங்கும்போது பின் பம்பர் இடிக்காமல் 36.8 டிகிரி வரை இடம் கிடைக்கிறது. இதில் லோடு பாடி எங்கே உட்காரும்? பின் இருக்கை இருந்த இடத்தில் வைத்தால் நான்கு மூட்டைக்கு மேல் கொள்ளாது. பின்னால் நீட்டினால் எதற்காக அந்த வண்டியை வாங்கினோமோ அந்தக் கோணமே போய்விடும்.

இந்தக் கணக்கிலிருந்து தொழிற்சாலைகளும் தப்பவில்லை. ஜீப் நிறுவனம் நான்கு கதவு ராங்ளரை அடிப்படையாக வைத்து கிளாடியேட்டர் பிக்கப்பைச் செய்தபோது வீல்பேஸ் 3,008 மி.மீ.யிலிருந்து 3,487 மி.மீ. ஆனது. ரூபிகான் ரகத்தில் பின்பக்கக் கோணம் ஏறக்குறைய 37 டிகிரியிலிருந்து 26 டிகிரிக்கு இறங்கியது. இந்தியாவில் விற்கும் டொயோட்டா ஹைலக்ஸுக்கும் அதே 26 டிகிரிதான். லோடு பாடி வேண்டுமென்றால் எல்லோரும் கட்டும் விலை அது. தொழிற்சாலை அதைச் சேஸியோடு சேர்த்து யோசித்துக் கட்டுகிறது. பட்டறையில் அந்த யோசனைக்கு இடமில்லை.

டஸ்டர் போல, தனிச் சேஸி இல்லாமல் பாடியே எலும்புக்கூடாக இருக்கும் வண்டிகளைப் பற்றி ஒரே வரி: வெட்டாதீர்கள். அங்கே கூரையும் பின்சுவரும் அலங்காரமல்ல, வண்டியைத் தாங்கும் உறுப்புகள். ரெனோ நிறுவனமே டஸ்டரிலிருந்து ஓராக் என்ற பிக்கப்பைப் பிரேசிலில் உருவாக்கியபோது வீல்பேஸை நீட்டிப் பின்பாதியை மறுபடி வடிவமைக்க வேண்டியிருந்தது.

நம்பிக்கை: டூ வீல் பிக்கப்பை மலிவாக வாங்கி, காயலான் கடையிலிருந்து முன் ஆக்ஸிலும் டிரான்ஸ்ஃபர் கேஸும் எடுத்துப் பூட்டினால் ஃபோர் வீல்.

உண்மை: பூட்டிவிடலாம், நம் லேத்துக்காரர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முன் ஆக்ஸிலின் பல் விகிதமும் பின் ஆக்ஸிலின் பல் விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்ட நிமிடத்திலிருந்து இரண்டு ஆக்ஸிலும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளிக்கும், இறுகிய தரையில் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். இதோடு முன் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், இன்ஜினுக்கு அடியில் இருக்கும் குறுக்குச்சட்டம், புரப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாம் மாறும். மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் எந்த மாதத்தில் தீர்ந்தது என்றே தெரியாது. பொலேரோ கேம்பர், டாடா யோதா போன்றவை தொழிற்சாலையிலேயே ஃபோர் வீலாகவும் வந்திருக்கின்றன. பழையதாக இருந்தாலும் அதைத் தேடுங்கள். பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிடவும் வேண்டாம்: 2023 முதல் தாரிலேயே டூ வீல் ரகம் வருகிறது.

நம்பிக்கை: இன்ஜின் பெரிதாக இருந்தால் போதும்.

உண்மை: சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பழைய மகிந்திரா ஜீப்புகளைப் பாருங்கள். குதிரைத்திறனில் அவற்றை இன்றைய சின்னக் கார்கள்கூடத் தோற்கடிக்கும். கல்லில் ஏறத் தேவை வேகமில்லை, மெதுவாகச் சுழலும் வலுவான சக்கரம். அதைக் கொடுப்பது லோ ரேஞ்ச் கியர். ஹைலக்ஸில் அது இழுவையை 2.566 மடங்காகப் பெருக்குகிறது. லோ ரேஞ்ச் இல்லாத ஆல் வீல் டிரைவ் வண்டியில் 200 குதிரைத்திறன் இருந்தாலும் செங்குத்துப் பாதையில் கிளட்ச் கருகும் வாசனைதான் முதலில் வரும்.

நம்பிக்கை: சஸ்பென்ஷனை உயர்த்திவிட்டால் அடி தட்டாது.

உண்மை: பாதிதான். ஒரே தண்டாக ஓடும் ஆக்ஸில் உள்ள வண்டியில் தரைக்கு மிக அருகில் இருப்பது டிஃபரென்ஷியல் உருண்டை. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டுமே, அதுவும் பாதிக் கணக்கில்: 30 அங்குல டயரை 33 ஆக்கினால் தரை இடைவெளி ஒன்றரை அங்குலம் கூடும். பதிலுக்கு கியர் 10 சதவீதம் நீளும், பிரேக் திணறும்.

டயரைப் பற்றி ஐஸ்லாந்துக்காரர்களிடம் கற்கலாம். 2007இல் பிபிசியின் டாப் கியர் குழு வட காந்தத் துருவத்தை நோக்கி ஓட்டிய ஹைலக்ஸை ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம்தான் தயார் செய்தது. காற்றைக் குறைத்த, அகலமான 38 அங்குல டயர்கள்தான் பனியில் அதைப் புதையாமல் தாங்கின. அடிப்படை என்னவோ நடுத்தர எடையுள்ள சாதாரணப் பிக்கப்தான்.

நம்பிக்கை: பிக்கப் என்றால் எவ்வளவு ஏற்றினாலும் தாங்கும். ஸ்பிரிங் பட்டை சேர்த்தால் இன்னும் தாங்கும்.

உண்மை: கணக்கு எளிது. ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. சொகுசு டபுள் கேப் வண்டிகளில் அது பல பேர் நினைப்பதைவிட மிகக் குறைவு. பெரிய கேபினும் வசதிகளும் அதைத் தின்றுவிடுகின்றன. இனி கூட்டுங்கள். வின்ச்சும் அதைத் தாங்கும் இரும்பும் ஏறக்குறைய 80 கிலோ, கூரைக் கூடாரம் 60, நூறு லிட்டர் தண்ணீர் 100, இரண்டாவது ஸ்டெப்னி 30, பேட்டரியும் குளிர்ப்பெட்டியும் 50, நான்கு ஆட்கள் 280. ஒரு மூட்டைகூட ஏற்றுவதற்குள் 600 கிலோ.

எங்கே ஏற்றுகிறோம் என்பது இன்னொரு வில்லங்கம். வீல்பேஸ் 3 மீட்டர் உள்ள வண்டியில் பின் ஆக்ஸிலுக்கு 1 மீட்டர் பின்னால் 100 கிலோவை வைத்தால், பின் ஆக்ஸில் சுமப்பது 133 கிலோ. முன்பக்கத்திலிருந்து 33 கிலோ கழிந்துவிடுகிறது. ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசாவது இதனால்தான். கேபினுக்குப் பின்னால் சேஸி வளைந்துபோகும் டபுள் கேப்களின் கதையும் இங்கிருந்தே தொடங்குகிறது. கூடுதல் பட்டை வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவே. சேஸி, ஆக்ஸில், பிரேக் ஆகியவற்றின் எல்லை ஒரு கிலோகூட உயராது.

நம்பிக்கை: ராணுவ ஏல வண்டிக்கு ஈடே கிடையாது.

உண்மை: ஜோங்காவும் ஜிப்ஸியும் அருமையான வண்டிகள்தான். ஆனால் ஜோங்கா தயாரிப்பு நின்று கால் நூற்றாண்டு ஆகிறது. உதிரிபாகத்துக்கு ஆள் வைத்துத் தேடும் வண்டி வார இறுதிக்குச் சரி, தோட்ட வேலைக்குச் சரிவராது.

நம்பிக்கை: ஆர்.டி.ஓ. ஆபீஸில் பேசிச் சரிக்கட்டிவிடலாம்.

உண்மை: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. எரிபொருள் மாற்றம், மாற்றுத்திறனாளிகளுக்கான தகவமைப்பு போன்ற சிலவற்றுக்கே வழி உண்டு. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொன்னது. அதே ஆண்டுத் திருத்தம் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. ஜீப்பைப் பிக்கப்பாக்குவது ‘பாடி வகை’ என்ற பத்தியையே மாற்றும் வேலை. விபத்து நடந்தால் இழப்பீட்டை மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அது காரணமாகிவிடும்.

ஆகவே என் தீர்ப்பு: பிக்கப் வேண்டுமென்றால் பிக்கப்பாகவே பிறந்த, லோ ரேஞ்சோடு ஃபோர் வீலாகவே வந்த வண்டியை வாங்குங்கள். செலவை டயரிலும் அடித்தகட்டுப் பாதுகாப்பிலும் நல்ல இழுவைக் கயிற்றிலும் போடுங்கள். பழைய வண்டியானால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பக்கத்து எடைமேடையில் ஏற்றி, வரும் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விற்பவர் அதற்கு மறுத்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.