இருபது நிமிடச் செய்தி

கொல்கத்தாவுக்கு வடக்கே, ஹூக்ளி ஆற்றங்கரையில் ஆலைகள் நிறைந்த ஊர் காருலியா. அவ்வூரில் வளர்ந்து கொல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் சுரேந்திர பிரதாப் சிங். கொல்கத்தாவிலிருந்து வெளிவந்த 'ரவிவார்' என்னும் இந்தி வார இதழின் ஆசிரியராகப் புகழ்பெற்ற அவர், 1995ஆம் ஆண்டு தூர்தர்ஷன் மெட்ரோ அலைவரிசையில் 'ஆஜ் தக்' என்னும் செய்தித் தொகுப்பை வழங்கத் தொடங்கினார். அதன் நேரம் இருபதே நிமிடம்.

அதற்கு முன்பும் தொலைக்காட்சியில் செய்தி உண்டு. கொல்கத்தாத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 9 அன்றும், சென்னை நிலையம் அதே மாதம் 15 அன்றும் தொடங்கப்பெற்றன. ஆயினும் அரசுச் செய்தியின் மொழி ஏட்டுமொழியாக இருந்தது. அமைச்சர்களின் விழாக்களே முன்னிடம் பெற்றன. பெரியோர் செய்தி காண அமர்ந்தால் பிள்ளைகள் மெல்ல எழுந்து சென்றுவிடுவர். அது அவர்களின் குற்றமன்று.

சிங் கடைத்தெருவில் பேசப்படும் எளிய இந்தியைச் செய்திக்குள் கொண்டுவந்தார். வாக்கியங்கள் சிறியவை. நிகழிடத்தின் படமும் அங்குள்ளோர் குரலும் செய்தியைச் சுமந்தன. முடிவில், தொகுப்பின் பெயரையே சொல்விளையாட்டாக்கி, நாளைவரை காத்திருக்குமாறு கூறி அவர் விடைபெறுவார். இளையோர் அதனை நடித்துக் காட்டி மகிழ்ந்தனர். தமக்கு விளங்கும் மொழியில் ஒருவர் தம்மை நோக்கிப் பேசுகிறார் என்னும் உணர்வே அவர்களை ஈர்த்தது. நேரத்தின் சுருக்கம் அதற்குத் துணை நின்றது. இங்கிலாந்தின் பிபிசி நிறுவனம் 1972இலேயே சிறுவர்க்கென்று 'நியூஸ்ரவுண்டு' என்னும் சிறு செய்தி நிகழ்ச்சியைத் தொடங்கியிருந்தது.

சுருக்கத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. 1997 ஜூன் 13 அன்று தில்லி உப்கார் திரையரங்கில் தீப்பற்றி 59 பேர் உயிரிழந்தனர். அத்துயரைச் செய்தித் தொகுப்பு மக்கள் கண்முன் நிறுத்தியது. சில நாள்களில் நோயுற்ற சிங், ஜூன் 27 அன்று தம் 48ஆம் வயதில் மறைந்தார். தீ எவ்வாறு பரவியது, மக்கள் வெளியேற இயலாமல் போனது ஏன், பொறுப்பாளர் யாவர் என்பனவற்றை ஆராய்ந்து நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2007 ஆயிற்று. என்ன நடந்தது என்பதை இருபது நிமிடத்தில் கூறலாம். ஏன் நடந்தது என்பதற்குப் பத்தாண்டுகளும் ஆகலாம்.

இன்று அரைமணி நேரத்தில் நூறு செய்திகள் என்று விரையும் தொகுப்புகள் உள்ளன. வகுத்துப் பார்த்தால் ஒரு செய்திக்குப் 18 நொடிகளே கிடைக்கும். அந்நேரத்தில் ஊரின் பெயரும் இறந்தோர் எண்ணிக்கையும் அடங்கும், காரணம் அடங்காது. லேக் மார்க்கெட் பகுதித் தமிழ் இல்லங்களில் வங்காளம், இந்தி, தமிழ் ஆகிய மும்மொழிச் செய்திகளையும் கேட்கும் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்புண்டு: ஒரு தொகுப்பு விட்டதை மற்றொன்றில் தேடலாம்.

பயிற்சி

1. ஏட்டுமொழி, பேச்சுமொழி - வேறுபாடு யாது? இருமொழியிலும் ஒரே செய்தியை எழுதுக.
2. உப்கார் நிகழ்வின் காரணம் உடனே தெரியாமல் போனது ஏன்?
3. இன்றிரவு தமிழ்ச் செய்தி, வங்காளச் செய்தி இரண்டையும் கேட்டு, ஒன்றில் மட்டும் இடம்பெற்ற செய்தியொன்றை ஐந்து வரிகளில் எழுதுக.