குரலும் கையொப்பமும் உள்ளபோதே



இம்முறை நாம் எழுத எடுத்துக்கொண்டது இயக்க நரம்பணு நோய். நியூஸிலாந்தில் இதனை 'மோட்டார் நியூரோன் நோய்' என்பார்கள். இதன் மிகப் பொதுவான வகையே 'ஏ.எல்.எஸ்.' எனப்படுவது. நாம் வைத்தியர் அல்லோம், கணக்காளர். ஆயினும் ஒனிஹங்காவிலும் அயலிலும் எம்மவர் வீடுகளுக்குப் படிவம் நிரப்பப் போய்வருகையில், இந்நோயில் எதை எப்போது செய்வது என்பதிலேயே குடும்பங்கள் தடுமாறுவதைக் காண்கிறோம்.

மூளையிலும் முள்ளந்தண்டிலும் இருந்து தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிவதே இந்நோய். கை, கால், பேச்சு, விழுங்குதல், முடிவில் சுவாசம் என்று ஒவ்வொன்றாகத் தளரும். எது முதலில் தளரும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். இது தொற்றாது. ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கே பரம்பரையாக வருகிறது. கண்ணூறு என்றும் முற்பிறவி வினை என்றும் வீட்டுக்கு வந்து பேசுவோர் ஒன்றை நினைவில் வைத்தால் நல்லது: இந்நோய் செவியைப் பாதிப்பதில்லை. படுத்திருப்பவருக்கு எல்லாம் கேட்கும்.

ஸ்டீபன் ஹோக்கிங்குக்கு 1963இல் இந்நோய் கண்டறியப்பட்டது. அவர் 2018 வரை வாழ்ந்தார். அது மிக அரிது. அறிகுறி தொடங்கியதிலிருந்து பலருக்குக் கிடைப்பது இரண்டு மூன்று ஆண்டுகளே. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரிலுசோல் என்ற குளிசை, ஆய்வுகளின்படி, ஆயுளைச் சில மாதங்கள் நீட்டிக்கிறது. இரவில் அணியும் சுவாச முகமூடியும் பலருக்கு நாட்களைக் கூட்டி, தூக்கத்தையும் தருகிறது. நோயை நிறுத்தும் மருந்து இல்லை.

எம்மவரிடையே ஒரு வழக்கம் உண்டு. வைத்தியர் சொன்னதை மூத்த மகன் மட்டும் கேட்டுக்கொண்டு, அப்பாவிடம் "நரம்புத் தளர்ச்சிதான், சுகமாகிவிடும்" என்று சொல்லிவிடுவார். வேறு நோய்களில் அது எப்படியோ, இந்நோயில் அது அவர் தாமே முடிவு செய்யக்கூடிய மாதங்களைப் பறித்துவிடுகிறது. வைத்தியசாலையில் பள்ளிப் பிள்ளையை மொழிபெயர்க்க வைப்பதையும் நாம் ஏற்கமாட்டோம். பன்னிரண்டு வயதுப் பேத்தி "தாத்தாவுக்குச் சுவாசம் நின்றுவிடும்" என்று எந்த வாயால் சொல்வாள்? 1996இல் நடைமுறைக்கு வந்த நோயாளர் உரிமைக் கோவையின்படி, தேவையும் நடைமுறைச் சாத்தியமும் உள்ளபோது தகுதியான மொழிபெயர்ப்பாளரைப் பெறுவது நோயாளியின் உரிமை. நாள் குறிக்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிவையுங்கள்.

இனி எமது துறைக்கு வருவோம். கையொப்பம் இடும் கை தளருமுன் அற்றோணித் தத்துவப் பத்திரம் எழுதப்பட வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நிலைத்த அற்றோணித் தத்துவம் இரு வகைப்படும். ஒன்று சொத்துக்கு, மற்றது உடல்நலப் பராமரிப்புக்கு. பராமரிப்புக்கு ஒருவரை மட்டுமே நியமிக்கலாம். அவருடைய அதிகாரம் நோயாளி தாமே முடிவெடுக்கும் ஆற்றலை இழந்த பின்னரே தொடங்கும். ஆகவே இதில் ஒப்பமிட்டால் வீட்டில் தமது சொல் எடுபடாது என்று எவரும் அஞ்சத் தேவையில்லை. சொத்துக்கான பத்திரத்திலோ 'உடனே நடைமுறைக்கு வரும்' என்றும் எழுதலாம், 'ஆற்றல் இழந்த பின்' என்றும் எழுதலாம். பலர் இரண்டாவதையே விரும்புவர். இந்நோய்க்கு முதலாவதே பொருத்தம் என்பது எமது கருத்து. ஏனெனில் பெரும்பாலும் அறிவு தெளிவாயிருக்க, கைதான் முதலில் போகும். அறிவு தெளிவாயிருக்கும்வரை இரண்டாவது வகைப் பத்திரம் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். வங்கி வேலை நடக்காது. சிலருக்குச் சிந்தனையிலும் குணத்திலும் மாற்றம் வருவதுண்டு. தாமதிக்கக் கூடாது என்பதற்கு அதுவும் ஒரு காரணம். சட்டத்தரணி போன்ற தகுதியுடைய சாட்சி முன்னிலையில்தான் ஒப்பமிட வேண்டும். சமாதான நீதவான் போதாது. யாழ்ப்பாணத்தில் காணி உள்ளவர்கள் அங்குள்ள சட்டத்தரணியிடம் வேறாகக் கேட்க வேண்டும். மரணசாசனத்தையும் இத்துடன் முடித்துவிடலாம்.

ஆயுள் காப்புறுதிக் கட்டணத்தைச் செலவைக் குறைப்பதற்காக நிறுத்திவிடாதீர்கள். பல பத்திரங்களில் மரணத்துக்கு முன்பே பணம் தரும் பிரிவு உண்டு, வாசித்துப் பாருங்கள். கடும் நோயைக் காரணம் காட்டிக் கிவிசேவர் பணத்தையும் எடுக்கலாம். ஆனால் கையிலுள்ள ரொக்கம் வீட்டு வாடகை உதவி போன்ற சில கொடுப்பனவுகளைப் பாதிக்கும் என்பதால், எடுக்குமுன் வேர்க் அன்ட் இன்கம் அலுவலகத்தில் விசாரியுங்கள். வேலையை விட்டுப் பெற்றோரை முழுநேரம் பார்க்கும் பிள்ளைக்கு அங்கே பராமரிப்பாளர் கொடுப்பனவு கிடைக்கக்கூடும். கணவனைப் பார்க்கும் மனைவிக்கு அந்த வகையில் கிடையாது. இது நியாயமா என்று பலர் எம்மிடம் கேட்டதுண்டு. எமக்கும் அதே கேள்விதான். பெற்றோர் வருகையாளர் விசாவில் இருந்தால் உரிமைகள் வேறு.

சக்கர நாற்காலி, கட்டில் முதலியவற்றை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். தொழில்வழிச் சிகிச்சையாளர் வீட்டுக்கு வந்து பார்த்து இரவலாகப் பெற்றுத் தர வழியுண்டு. ஒனிஹங்காவின் பழைய பலகை வீடுகளில் வாசற்படியும் குளியலறையுமே பெரும் தொல்லை. மோட்டார் நியூரோன் டிசீஸ் நியூஸிலாந்து என்ற அமைப்பின் ஆதரவாளர்கள் இலவசமாக வழிகாட்டுகிறார்கள்.

உணவு விடயத்தில் எமது சமையலை அறியாத பேச்சுச் சிகிச்சையாளரிடம் நாமே விளக்க வேண்டும். உதிரும் புட்டு, நீர்த்த ரசம், குழம்பில் மிதக்கும் சோற்றுப் பருக்கை ஆகியன எளிதில் புரைக்கேறும். நன்கு மசித்த குழைசாதம், தடித்த கஞ்சி போன்றவற்றைக் காட்டி எது பொருந்தும் என்று கேளுங்கள். எடை குறைவது இந்நோயில் கேடு. கந்தசஷ்டி உபவாசத்தை நோயாளி விட்டுவிடட்டும். வயிற்றில் உணவுக் குழாய் வைப்பதென்றால் சுவாசம் மிகத் தளருமுன் வைப்பதே பாதுகாப்பு.

குரல் போகுமுன் அதைப் பதிவு செய்யுங்கள். பேரப்பிள்ளைகளின் பெயர்கள், "சாப்பிட்டியா", அவர் வழமையாகப் பாடும் தேவாரம், எல்லாம் கைத்தொலைபேசியிலேயே பதியலாம். பின்னர் எழுத்துப் பலகை தேவைப்படும். ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள்; தமிழுக்கு 247. அத்தனையையும் ஒரு பலகையில் எழுதினால் எவரும் களைத்துப்போவார். 12 உயிர், 18 மெய், ஆய்தம் என 31 கட்டங்கள் போதும். முதலில் மெய்யையும் பின்பு உயிரையும் காட்டினால் உயிர்மெய் பிறந்துவிடும்: 'த்', 'ஆ' என்றால் 'தா'. விரல் அசையாவிட்டால் மற்றவர் ஒவ்வொரு வரிசையாகத் தொட்டுக்கொண்டு போக, அவர் கண் சிமிட்டி நிறுத்தலாம். 'மூச்சு', 'வலி', 'புரட்டு', 'தனியே விடு' என்னும் நான்கையும் முழுச் சொல்லாக மேலே எழுதிவையுங்கள்.

ஹொஸ்பிஸ் என்றால் சாகப் போகும் இடம் என்று அஞ்சுவோர் பலர். மத்திய ஓக்லாந்தில் மேர்சி ஹொஸ்பிஸ் தாதிமார் வீட்டுக்கே வருவார்கள்; கட்டணமில்லை. கடைசி வாரத்துக்கென்று காத்திராமல் முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள்.

பார்க்கப் போகும் அடியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிரசாதச் சுண்டலை அன்பினால் வாயில் ஊட்டிவிடாதீர்கள், விபூதி போதும். ஆம், இல்லை என்று பதிலளிக்கக்கூடிய கேள்விகளாகக் கேட்டு, பதில் வரும்வரை பொறுத்திருங்கள். இயலுமானால் ஓர் இரவு அங்கே தங்கி, அந்த வீட்டு அம்மாவை ஆறு மணி நேரம் நித்திரை கொள்ள விடுங்கள்.