வேலைவாய்ப்புப் பதிவு: கடைசியா எப்போ புதுப்பிச்சீங்க?

படிச்சு முடிச்சதும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செஞ்சாச்சு. அந்த அட்டை இப்போ எங்கே இருக்கு? வேலை கிடைக்காமல் 5 ஆண்டுகள் காத்திருப்பவர்களுக்குத் தமிழக அரசு மாத உதவித்தொகை தருகிறது. அதைப் பெற அந்தப் பதிவு நடப்பில் இருக்க வேண்டும்.

எவ்வளவு கிடைக்கும்?

• 10-ம் வகுப்பு தேறாதவர்: ரூ.200
• 10-ம் வகுப்பு தேறியவர்: ரூ.300
• பிளஸ் 2: ரூ.400
• பட்டதாரி: ரூ.600

இந்தத் தொகை 3 ஆண்டுகள் வரை வழங்கப்படும். மாற்றுத்திறனாளிகள் பதிவு செய்து ஓராண்டு ஆனாலே போதும். அவர்களுக்குத் தொகையும் அதிகம், 10 ஆண்டுகள் வரை கிடைக்கும்.

யார் விண்ணப்பிக்கலாம்?

குடும்ப ஆண்டு வருமானம் ரூ.72,000-க்குள் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு இந்த வரம்பு இல்லை. வயது 40-க்குள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45. கல்லூரிக்கு நேரில் போய்ப் படிப்பவர்களுக்குக் கிடையாது. தொலைதூரக் கல்வியில் படிப்பவர்கள் விண்ணப்பிக்கலாம். பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்களுக்கு இத்திட்டம் பொருந்தாது.

பலர் கோட்டை விடுவது இங்கேதான்

பதிவை 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 2020 ஜூனில் பதிவு செய்தவர் 2023 ஜூனில் புதுப்பித்திருந்தால், 2025 ஜூனில் 5 ஆண்டு நிறைவாகும். அதை மறந்திருந்தால்? பதிவு காலாவதியாகி, பதிவு மூப்பும் போய்விடும். புதிதாகப் பதிந்தால் 5 ஆண்டுக் கணக்கு மறுபடி முதலிலிருந்துதான். விட்டவர்களுக்கு அரசு அவ்வப்போது சிறப்புச் சலுகை அறிவித்தது உண்டு. ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீங்க.

புதுப்பிக்க வரிசையில் நிற்க வேண்டாம். வேலைவாய்ப்புத் துறையின் இணையதளத்தில் மொபைலிலேயே முடிச்சிடலாம். அடுத்த புதுப்பிப்பு மாதத்தை உடனே போன் காலண்டரில் குறிச்சு வையுங்க.

‘உதவித்தொகை வாங்கினா பதிவை ரத்து பண்ணிடுவாங்களா?’ என்று சிலர் தயங்குகிறார்கள். ரத்து ஆகாது. பதிவும் மூப்பும் அப்படியே இருக்கும்.

பணத்தோடு நின்றுவிடாதீங்க

மாதம் 600 ரூபாயில் குடும்பம் நடத்த முடியாதுதான். விண்ணப்பத் தாள்களுக்கும் பஸ் செலவுக்கும் அது கைகொடுக்கும். அதே மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் செயல்படுகிறது. போட்டித் தேர்வுகளுக்கு அங்கே இலவசப் பயிற்சி உண்டு. தனியார் நிறுவன வேலை வேண்டுமென்றால், மையம் நடத்தும் வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் போகலாம்.

உதவித்தொகை விண்ணப்பத்தோடு கல்விச் சான்றுகள், பதிவு அட்டை, வங்கிக் கணக்குப் புத்தகம், ஆதார் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். வருமானத்துக்கு வருவாய்த் துறையின் சான்று தேவை.

முதல் வேலை, பதிவு அட்டையைத் தேடி எடுத்து, புதுப்பிக்க வேண்டிய தேதியைப் பாருங்க. வீட்டில் வேலை தேடும் தம்பி, தங்கச்சி இருந்தால் அவர்களுடையதையும் சேர்த்துப் பாருங்க.