சோலாருக்குப் பேட்டரி சேர்க்குமுன் போட வேண்டிய கணக்கு



தினம் என்ன விற்பனை, கிடங்கில் எவ்வளவு இடம் என்று பாராமல் சரக்கு எடுக்கும் வியாபாரி நம்மில் எவரும் இல்லை. ஆனால் சோலாருக்குப் பேட்டரி வாங்கும்போது, விற்பவர் சொன்ன அளவையே வாங்கி வருவோர் பலர். பேட்டரியும் ஒரு கிடங்குதான். தேவைக்குச் சிறியதாக இருந்தால் ஆபத்துக்கு உதவாது. பெரியதாக இருந்தால் முதல் முடங்கும். அந்தக் கிடங்கை எந்த அளவில் அமைப்பது என்பதே இப்பாடத்தின் பொருள்.

வெயில் இருந்தும் விளக்கு எரியாதது ஏன்?

பிரதமர் சூர்ய கர் திட்டத்தை மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கியது. 3 கிலோவாட் அமைப்புக்கு ரூ.78,000 மானியம் என்று அறிவிக்கப்பட்டதால் வீட்டு மாடிகளில் சோலார் பெருகியது. (இம்மானியம் வீட்டு இணைப்புக்கு மட்டுமே, கடை இணைப்புக்கு இல்லை.) இவற்றில் பெரும்பாலானவை பேட்டரி இல்லாத ‘ஆன்-கிரிட்’ வகை. லைனில் மின்சாரம் நின்ற மறுகணமே அதன் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். இது பழுதன்று. நம் மாடி மின்சாரம் லைனுக்குப் போனால், கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிருக்கே ஆபத்து. அதற்காகவே இப்படி அமைத்திருக்கிறார்கள்.

2016 டிசம்பரில் வர்தா, 2018 நவம்பரில் கஜா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்கள் வந்தபோது பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. பால், தயிர், வெண்ணெய், ஐஸ்கிரீம் வைத்திருக்கும் கடைக்கு அது நேரடி நஷ்டம். இந்த நஷ்டத்தைத் தடுக்கத்தான் பேட்டரியும், பேனல், பேட்டரி, லைன் ஆகிய மூன்றையும் சேர்த்து ஆளும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் தேவைப்படுகின்றன.

முதல் கணக்கு: எது ஓட வேண்டும்?

மின்சாரம் நின்றாலும் ஓடியே ஆக வேண்டியவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதுக. ஒரு நடுத்தர மளிகைக் கடையை உதாரணமாகக் கொள்வோம். விட்டுவிட்டு ஓடும் கம்ப்ரசருக்குச் சராசரியைப் போட்டிருக்கிறோம்.

டீப் ஃபிரீசர் 120 வாட்
கண்ணாடிக் கதவு ஃபிரிட்ஜ் 150 வாட்
எல்.இ.டி. விளக்கு 6க்கு 120 வாட்
மின்விசிறி 3க்கு 225 வாட்
பில் கம்ப்யூட்டர், பிரிண்டர் 150 வாட்
எலக்ட்ரானிக் தராசு, கேமரா 35 வாட்
ஆக மொத்தம் 800 வாட்

5 மணி நேரத்துக்கு 4,000 வாட் மணி, அதாவது 4 யூனிட். பகலில் மின்சாரம் நின்றால் பேனலும் கைகொடுக்கும். மாலை 6 மணிக்கு மேல் நின்றால் பேட்டரி ஒன்றே துணை. ஆகவே மாலைக் கணக்கையே அளவாகக் கொள்ள வேண்டும்.

இத்தாளைப் பார்த்தாலே ஒரு லாபம் தெரியும். மூன்று மின்விசிறிகளையும் 30 வாட் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால் 135 வாட் குறையும். 4 யூனிட் தேவை ஏறக்குறைய 3.3 யூனிட்டாக இறங்கிவிடும். பேட்டரியைப் பெரிதாக்குவதைவிடச் செலவைக் குறைப்பது மலிவு. ஏ.சி., கிரைண்டர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றை இத்தாளில் சேர்க்காமல், தனி போர்டில் லைனோடு விட்டுவிடுக.

இரண்டாம் கணக்கு: பேட்டரியில் கைக்கு வருவது எவ்வளவு?

மூட்டையின் மேல் எழுதிய எடை வேறு, கழிவு போக நிற்கும் எடை வேறு என்பது நமக்குத் தெரியும். பேட்டரியிலும் அப்படியே.

12 வோல்ட், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரியில் 1.8 யூனிட் இருக்கும். நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. இன்வெர்ட்டர் கழிவும் போக முக்கால் யூனிட் கிடைக்கும். நான்கு வைத்தால் சுமார் 3 யூனிட். நம் 4 யூனிட்டுக்கு இது போதாது. 48 வோல்ட் இன்வெர்ட்டருக்கு நான்கு நான்காகவே சேர்க்க வேண்டியிருப்பதால், எட்டு வாங்க நேரும்.

51.2 வோல்ட், 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 5.12 யூனிட். 90 சதவீதம் எடுக்கலாம். கழிவு போக 4.2 யூனிட் வரை கிடைக்கும். ஒன்றே போதும். விலை கூடுதல்தான், ஆனால் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, ஆயுளும் அதிகம்.

எவ்வகையானாலும் பழைய பேட்டரியோடு புதியதைக் கலந்து போடக் கூடாது. புதியதும் பழையதன் தரத்துக்கு இறங்கிவிடும்.

மூன்றாம் கணக்கு: இன்வெர்ட்டர்

சராசரி 800 வாட் என்பதால் 1 கிலோவாட் இன்வெர்ட்டர் போதும் என்று எண்ண வேண்டாம். கம்ப்ரசர் கிளம்பும் கணத்தில், ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். இரண்டு கம்ப்ரசரும் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் தாங்கும்படி, 3 கிலோவாட்டுக்குக் குறையாமல் எடுப்பது நல்லது.

ஏற்கெனவே ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் உள்ளவர்களுக்கு வழி இரண்டு. ஒன்று, அதைக் கழற்றிவிட்டு, பேனல்களை நேரே ஹைபிரிட்டில் இணைப்பது. மற்றொன்று, பழையதை வைத்துக்கொண்டு, அதை ஹைபிரிட்டின் வெளியீட்டுப் பக்கம் சேர்ப்பது. இரண்டாம் வழியில், பேட்டரி நிறைந்ததும் பழைய இன்வெர்ட்டரின் உற்பத்தியைக் குறைக்கும் வசதி ஹைபிரிட்டில் இருக்க வேண்டும். பழையதன் அளவு ஹைபிரிட்டின் அளவைத் தாண்டவும் கூடாது. இவ்விரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குக.

பேனல் கூட்டும்போது பழைய வரிசையிலேயே வேறு அளவுப் பேனலைத் தொடுக்காதீர்கள். மெலிந்த மாட்டின் வேகத்துக்கே வண்டி போகும். புதியவற்றைத் தனி வரிசையாக, இன்வெர்ட்டரின் வேறொரு எம்.பி.பி.டி. உள்ளீட்டில் கொடுக்க வேண்டும். வரிசையின் மொத்த வோல்ட் இன்வெர்ட்டரின் உச்ச அளவுக்குக் கீழே இருக்கிறதா என்றும் பாருங்கள். 50 வோல்ட் பேனல் பத்தைத் தொடுத்தால் 500 வோல்ட். குளிர்ந்த காலையில் இது மேலும் ஏறும். 500 வோல்ட் தாங்கும் இன்வெர்ட்டருக்கு அது ஆபத்து.

நான்காம் கணக்கு: கட்டுமா?

ஒரு பேட்டரி ரூ.1,00,000 என்று வைத்துக்கொள்வோம். தினம் 4 யூனிட், ஆண்டுக்கு 300 நாள், 10 ஆண்டு பயன்படுத்தினால் 12,000 யூனிட். சேமிப்புச் செலவு மட்டும் யூனிட்டுக்கு ரூ.8.33. ஆண்டுக்கு 60 நாள் மட்டும் பயன்படுத்தினால் 2,400 யூனிட், யூனிட்டுக்கு ரூ.41.67.

இதிலிருந்து தெரிவது என்ன? நெட் மீட்டர் உள்ள வீட்டில், மின் கட்டணத்தைக் குறைப்பதற்காக மட்டும் பேட்டரி வாங்குவது கட்டாது. பகலில் மிஞ்சியதை லைனே ஏற்றுக்கொண்டு கணக்கில் கழிக்கிறது. பேட்டரியின் வரவு, கெடாமல் காப்பாற்றிய சரக்கிலும் தடைபடாத வியாபாரத்திலும்தான் இருக்கிறது. சென்ற ஆண்டு மின்தடையால் கொட்டிய பாலுக்கும் கெட்ட சரக்குக்கும் கணக்கெடுங்கள். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் அதோடும் ஒப்பிடலாம். ஒரு லிட்டர் டீசலுக்குச் சிறிய ஜெனரேட்டர் 3 யூனிட் அளவே தரும். அன்றைய டீசல் விலையை மூன்றால் வகுத்துப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து பேட்டரிச் செலவைத் தாண்டினால் வாங்கலாம், தாண்டாவிட்டால் பொறுத்திருக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

1. மாடியில் வீடு, கீழே கடை என்று இருப்போர் வீட்டு இணைப்பின் மின்சாரத்தைக் கடைக்கு இழுக்கக் கூடாது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவுப்படி இரு மடங்கு கட்டணம் விதிக்க இடமுண்டு. கடைக்கு வேண்டுமானால் கடை இணைப்பிலேயே தனி அமைப்பு வைக்க வேண்டும்.

2. பேட்டரி, பேனல் கூட்டுமுன் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிவித்து, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டே இணைக்க வேண்டும். எர்த், ஃபியூஸ், இடிதாங்கிப் பாதுகாப்பில் சிக்கனம் வேண்டாம்.

3. எண்ணெய் டின், கற்பூரம், தீப்பெட்டி, சாக்கு மூட்டை அருகில் பேட்டரி வைக்காதீர்கள். டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், காற்றோட்டம் அவசியம். தகரக் கூரையின் கீழுள்ள வெப்பம் எந்தப் பேட்டரியின் ஆயுளையும் குறைக்கும்.

4. லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும் என்பதையும், வாரண்டி எத்தனை ஆண்டு, சர்வீஸ் எந்த ஊரில் என்பதையும் வரிசை எண்ணோடு பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

விலைப்பட்டியல் கேட்கப் போகுமுன், நாம் சொன்ன அந்த ஒரு தாளை எழுதிக் கையில் கொண்டு செல்லுமாறு உறுப்பினர்களை வேண்டுகிறோம். தேவை இன்னதென்று தெரிந்து வருபவரிடம் விற்பவரும் அளந்தே பேசுவார்.